எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் புரோட்டீன் பானங்கள்: எதை, எந்த வேளையில்?

கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் புரோட்டீன் பவுடர்களைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்பவர்களால் எழுதப்படுபவை. ஒரு ஸ்கூப்பில் எத்தனை கிராம் புரதம், சாக்லேட் சுவை நன்றாக இருக்கிறதா, ஷேக்கரில் கட்டி தட்டாமல் கலக்கிறதா என்ற மூன்று கேள்விகளோடு அவை முடிந்துவிடும். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இந்த மூன்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பானத்தை ஒரு நாளின் எந்த இடைவெளியில் குடிப்பது, அது அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு இடம் விடுமா, கெடுக்குமா என்பதே அது. நான் ஸ்லீவ் முறையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். திரவ உணவுக் காலத்திலிருந்து வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகும் நான்கு வகைப் பானங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். இந்த மதிப்புரை அந்த நான்கு வகைகளைப் பற்றியது. நிறுவனங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே வகைக்குள் பிராண்டுக்கு பிராண்டு இருக்கும் வேறுபாட்டைவிட, வகைக்கு வகை இருக்கும் வேறுபாடுதான் நம் வயிற்றுக்குத் தெரிகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தெரியாமல் எந்தப் பானத்துக்கும் மதிப்பெண் போட முடியாது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெட்டி எடுக்கப்பட்டு, குழாய் போன்ற ஒடுங்கிய பகுதி மட்டும் மிஞ்சுகிறது. பைபாஸ் முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்று உருவாக்கப்பட்டு, அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. இப்படிச் சுருங்கிவிட்ட இடத்தின் வழியாகத்தான் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமும், 1.5 லிட்டருக்குக் குறையாத திரவமும் உள்ளே போயாக வேண்டும். புரத அளவைப் பலருக்கு 60 முதல் 80 கிராம் என்று சொல்வார்கள். உரிய உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் என்று கணக்கிடுவதும் உண்டு. குடலின் நீண்ட பகுதியை ஒதுக்கிவிடும் சில அறுவை சிகிச்சைகளில் உறிஞ்சுதல் குறைவதால் தேவை இதைவிடவும் கூடும்.

இதோடு சாப்பாட்டையும் தண்ணீரையும் பிரித்துவைக்கும் விதி சேர்கிறது. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் குடிக்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் தரும் அறிவுரை. சாப்பாட்டுக்கு முன்பும் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. முதல் வாரங்களில் மருந்து அளக்கும் 30 மில்லிக் குப்பியைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் குடித்தால், ஒரு மணி நேரத்தில் 180 மில்லிதான் இறங்கும். 1.5 லிட்டரை முடிக்க எட்டு மணி நேரத்துக்கும் மேலாகும். மசித்த உணவு தொடங்கியதும், வேளைக்கு அரை மணி நேரம் சாப்பிட்டு, முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட்டால், மூன்று வேளைக்கு நாலரை மணி நேரம் கழிந்துவிடும். விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் இதையும் குடிப்பதற்கான எட்டு மணி நேரத்துக்கு மேலான நேரத்தையும் கழித்தால், மீதி சுமார் மூன்று மணி நேரம்தான். வேகம் போகப் போகக் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்குப் புரோட்டீன் பானம் வாங்குவது என்பது புரதத்தை வாங்குவதை விட அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிப்பதாகத்தான் இருக்கிறது.

வே ஐசோலேட் பவுடரில் தொடங்குகிறேன், ஏனெனில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது பெரும்பாலோர் கையில் இருப்பது அதுவே. பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதம் கான்சென்ட்ரேட், ஐசோலேட் என்ற இரு வடிவங்களில் பரவலாகக் கிடைக்கிறது. ஐசோலேட்டில் உலர்நிலையில் 90 விழுக்காடு அல்லது அதற்கு மேல் புரதம் இருக்கும். கான்சென்ட்ரேட்டில் அது 80 விழுக்காடோ அதற்கும் குறைவோ. மீதமுள்ளதில் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரைக்குக் கணிசமான பங்கு உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் பாலை நன்றாகச் செரித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதன் பின் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. பொருமல், வயிற்றோட்டம், சுருட்டிப் பிடிக்கும் வலி என்று அது தெரியவரும். விலையைப் பார்த்துக் கான்சென்ட்ரேட் வாங்குபவர்கள் முதலில் சிறிய பொட்டலம் ஒன்றை வாங்கிப் பார்ப்பது நல்லது.

பவுடரின் சிறப்பு, செறிவை நம் விருப்பத்துக்கு அமைத்துக்கொள்ளலாம் என்பது. சுமார் 30 கிராம் எடையுள்ள ஒரு ஸ்கூப் ஐசோலேட்டில் 24, 25 கிராம் புரதம் கிடைக்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் முறைப்படி அதை 250 மில்லி தண்ணீரில் கலந்தால், நமது வேகத்தில் குடித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிறது. அதற்குள் பானம் அறையின் வெப்பநிலைக்கு வந்துவிடும். குளிர்ச்சி போனதும் வே புரதத்துக்கே உரிய காய்ந்த பாலின் வாடை எழும். அடியில் மாவு படியும். கடைசி மூன்றில் ஒரு பங்கைக் குடிப்பதற்குத்தான் மன உறுதி தேவைப்படுகிறது. இதற்கு நான் கண்ட வழி, அரை ஸ்கூப்பை 120 மில்லிக் குளிர்ந்த நீரில் கலந்து இருமுறையாகக் குடிப்பது. 12 கிராம் ஒரு இடைவெளியில், 12 கிராம் மற்றொன்றில் என்று பிரித்தால் எந்த இடைவெளியும் முழுவதுமாகப் பறிபோவதில்லை. பானமும் குளிர்ச்சி மாறுமுன் முடிந்துவிடுகிறது. ஒரே முறையாகக் கலந்துவிட்டால் மீதியைக் குளிர்பெட்டியில் மூடி வைத்து அன்றைக்கே முடிக்க வேண்டும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்ததைக் குடிப்பது பாதுகாப்பானது அன்று.

ஷேக்கரைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். டப்பாவோடு இலவசமாகத் தரப்படும் ஷேக்கரில் கம்பிப் பந்தைப் போட்டுக் குலுக்கினால் பானத்தின் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். அந்த நுரை முழுவதும் காற்று. வழக்கமான வயிற்றுக்கு அது ஓர் ஏப்பத்தோடு போய்விடும். ஒடுங்கிய இரைப்பையில் அது மார்பெலும்புக்குப் பின்னால் அடைத்துக்கொண்டதுபோல் வலிக்கும். உறிஞ்சுகுழாயும் வாயுவேற்றிய பானங்களும் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இதே காற்றுதான். கரண்டியால் மெதுவாகக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே வைத்து, மேலே நின்ற நுரையை வழித்து எறிந்துவிட்டுக் குடித்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பவுடரை முதலில் போட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் களிபோல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை முதலில் ஊற்றிப் பவுடரைத் தூவுவதே சரி.

பொருட்பட்டியலைப் படிக்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பதை இந்த வகையில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் வாங்கிய ஒரு டப்பாவின் முன்பக்கத்தில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கப் பட்டியலில் இரண்டாவது பெயரே மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் மால்டோடெக்ஸ்ட்ரின். அது சட்டப்படி சர்க்கரை என்ற பெயரில் வராமல் இருக்கலாம். ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றும் வேகத்தில் சர்க்கரைக்குச் சளைத்தது அன்று. பட்டியல்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படுவதால் இரண்டாவது இடம் என்பதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இத்தகைய பானம் டம்பிங் எனப்படும் தொல்லையைக் கொண்டுவரும். குடித்த பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, வயிற்றோட்டம் என்று வருவது முதல் வகை. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் மிகையாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை சட்டென இறங்குவதால் நடுக்கமும் தலைசுற்றலும் வருவது இரண்டாம் வகை. ஸ்லீவ் செய்துகொண்டவர்களிலும் சிலருக்கு இது நேர்வதுண்டு. எடை கூட்டுவதற்கென்று விற்கப்படும் 'மாஸ் கெய்னர்' வகைகளின் பக்கமே போக வேண்டாம். சர்க்கரைக்குப் பதிலாகச் சர்பிட்டால், மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைச் சேர்த்த பானங்களும் அதிக அளவில் பொருமலையும் வயிற்றோட்டத்தையும் தரும் என்பதால் அவற்றுக்கும் என் பட்டியலில் இடமில்லை.

இரண்டாவது, பாட்டிலிலோ அட்டைப்பெட்டியிலோ அடைத்து வரும் தயார் பானம். சுமார் 330 மில்லியில் 25, 30 கிராம் புரதம் இருப்பவை பரவலாகக் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை பால் புரதத்தால் ஆனவை. பால் புரதத்தில் பெரும் பங்கு கேசீன். கேசீன் வயிற்றின் அமிலத்தில் திரைந்து மெதுவாகச் செரிக்கும் தன்மையுள்ளது. அதோடு பானம் பிரிந்து போகாமல் இருக்க கெட்டிப்படுத்தும் பசைப்பொருள்களும் சேர்க்கிறார்கள். ஆகவே இது வாயிலும் வயிற்றிலும் கனமாக நிற்கிறது. மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் இடத்திலும் பயணத்திலும் இதைப்போல் உதவுவது வேறு எதுவுமில்லை. கலக்க வேண்டாம், கழுவ வேண்டாம், அளவு மாறாது. ஆனால் இதை இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் குடிப்பவர்கள் அடுத்த வேளைச் சாப்பாட்டை இழக்கிறார்கள். முற்பகலில் ஒரு பாட்டிலை முடித்துவிட்டு மதியம் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை. அந்தப் பாட்டில்தான் மதியச் சாப்பாடு. எனவே இந்த வகையை ஒரு வேளை உணவுக்குப் பதிலாகக் கொள்வதென்றால் என் மதிப்பெண் உயர்வு; இடைவேளைப் பானமாகக் கொள்வதென்றால் தாழ்வு. விளம்பரங்கள் இரண்டாவதைத்தான் சொல்கின்றன.

மூன்றாவது வகையைப் பற்றி நான் எதிர்பார்ப்பின்றித்தான் தொடங்கினேன். கிளியர் வே என்று விற்கப்படும் இது ஐசோலேட் புரதத்தை அமிலத்தன்மையுள்ள நீரில் தெளிவாகக் கரையும்படி பக்குவப்படுத்திய பவுடர். கலக்கியதும் பால்போல் வெளுத்து நுரைத்துக்கொண்டு நிற்கும்; சில நிமிடம் விட்டால் நுரை அடங்கிப் பழரசம்போல் தெளிந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பின் பலருக்கு இனிப்பும் பால் வாடையும் திகட்டத் தொடங்கிவிடுகின்றன. அவர்களுக்கு எலுமிச்சை போன்ற புளிப்புச் சுவையில் வரும் இந்தப் பானம் ஒரு விடுதலை. அதைவிட முக்கியமானது, இது நீர்போல் மெல்லியதாக இருப்பதால் திரவக் கணக்கையும் புரதக் கணக்கையும் ஒரே இடைவெளியில் நிரப்புகிறது. மேலே சொன்ன எட்டு மணி நேரக் கணக்கில் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துவது நான்கில் இது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து இதைத் தொடங்கி, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது முடித்தால், உணவுக்கு முன் வயிறு காலியாகிவிடுகிறது.

இதற்கும் குறை உண்டு. புளிப்பு என்பது அமிலம்; ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் பலருக்கு வருவதால், அவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். மணிக்கணக்கில் சிறிது சிறிதாகப் பருகுவதால் பற்களின் மேல் அமிலம் தங்கிக்கொண்டே இருக்கும். பருகி முடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது நல்லது. இரவில் எந்தப் பானத்தையும் குடித்த கையோடு படுக்கக் கூடாது, இதைக் குடித்துவிட்டுக் கண்டிப்பாகக் கூடாது.

நான்காவது, சுவையூட்டாத வெறும் பவுடர். தண்ணீரில் கலந்து குடிப்பதற்கு இதைவிட மோசமான பொருள் கிடையாது. ஆனால் இதைக் குடிக்கவே வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெருமை. மசித்த காய்கறியிலோ, சூப்பிலோ, தயிரிலோ ஒரு மேசைக்கரண்டி கலந்துவிட்டால், அதே நாலு வாய்ச் சாப்பாட்டில் ஏழெட்டு கிராம் புரதம் கூடுதலாகச் சேர்ந்துவிடும். இதற்கென்று தனி இடைவெளி தேவையில்லை. சாப்பாட்டையும் பானத்தையும் பிரிக்கும் விதியோடும் மோதுவதில்லை. மசித்த உணவுக் காலத்தில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். வெப்பத்தில் மட்டும் கவனம் வேண்டும். கொதிக்கும் சூப்பில் நேராகக் கொட்டினால் முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் திரிதிரியாகிவிடும். புரதச் சத்து அதனால் வீணாவதில்லை என்றாலும் அந்தத் திரிகளை விழுங்குவது கடினம். அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின், சிறிது குளிர்ந்த நீரில் குழைத்து வைத்த பவுடரைச் சேர்த்தால் வழுவழுப்பாகக் கலந்துவிடும்.

விலங்குகளின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் புரதமான கொலாஜன் கலந்த பானங்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. முடி உதிரத் தொடங்கும் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். கொலாஜனில் டிரிப்டோஃபேன் எனும் இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை. புரதத்தின் தரத்தை அளக்கும் அளவுகோலில் அதனாலேயே அது சுழியம் பெறுகிறது. வே, கேசீன், முட்டை, சோயா ஆகியவை அதே அளவுகோலில் ஏறத்தாழ முழு மதிப்பெண் பெறுபவை. லேபிளில் 20 கிராம் என்றிருந்தாலும் கொலாஜனை நாளின் 60 கிராம் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த மாதங்களில் முடி உதிர்வது பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் விரைவான எடை இழப்பும் உடலுக்குத் தரும் அதிர்ச்சியால் ஏற்படுவது; புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைவின்றி இருந்தால் பெரும்பாலோருக்கு முடி மீண்டும் வளர்ந்துவிடுகிறது.

இனி நேரத்தைப் பற்றி. திரவ உணவுக் காலத்தில் உணவும் பானமும் ஒன்றே என்பதால் பிரிக்க எதுவுமில்லை. நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகிக்கொண்டிருப்பதே வேலை. மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டாலும், முதல் இரண்டு வாரம் திரவம், பிறகு மசித்தது, பிறகு மிருதுவானது, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான உணவு என்பது பொதுவான வரிசை. மசித்த உணவு தொடங்கிய நாளிலிருந்துதான் பானத்தின் நேரம் ஒரு பிரச்சினையாகிறது. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சிறு அளவு, முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று மூன்று இடைவெளிகளில் பானத்தை வைத்து, சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தை வெறுமையாக விடுவது எனக்குப் பொருந்திய ஏற்பாடு. தட்டில் இருப்பதிலும் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். முட்டையோ மீனோ பருப்போ உள்ளே போன பின் இடமிருந்தால் மற்றவை. மூக்கில் நீர் ஒழுகுவதும் திடீரென விக்கல் எடுப்பதும் பலருக்கு இரைப்பை நிறைந்துவிட்டதற்கான அறிகுறிகள். அதன் மேல் ஒரு வாய் கூடப் பானமோ உணவோ போகக் கூடாது.

அந்த அரை மணி நேர விதிக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுச் சான்று அவ்வளவு வலுவானது அன்று என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. உணவைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற விளக்கத்தைவிட, தண்ணீரால் நிறைந்த இரைப்பையில் உணவுக்கு இடமிருக்காது, இரண்டும் சேர்ந்து வாந்தியாகிவிடும் என்ற நடைமுறை விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எப்படியாயினும், உங்கள் உணவியல் நிபுணர் சொன்ன நேரத்தை என் எழுத்தைப் படித்து மாற்ற வேண்டாம்.

இதில் விசித்திரமானது, ஒரே பானத்தின் மதிப்பெண் மாதங்கள் செல்லச் செல்லத் தலைகீழாகிவிடுவது. முதல் மாதத்தில் குடித்து முடிக்கவே முடியாது என்று திணறவைத்த அதே ஷேக், ஆறேழு மாதம் கழித்துப் பத்தே நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது; திரவம் என்பதால் இரைப்பையில் தங்காமல் விரைந்து இறங்கி, ஒரு மணி நேரத்தில் பசியையும் கொண்டுவருகிறது. அதே அளவு புரதத்தைக் கெட்டியான உணவாக மென்று சாப்பிட்டால் வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நிற்கிறது. எடை இறங்குவது நின்றுவிட்டது என்று வருந்தும் பலரது மேசையின் மேல் நாள் முழுவதும் ஒரு பால் ஷேக் இருப்பதைப் பார்க்கலாம். தொடக்கத்தில் கடமையாக இருந்த அந்தச் சிறு சிறு மடக்கு, இப்போது ஓயாமல் எதையாவது கொறிப்பதற்கு ஒப்பானது. எனவே, முதல் மூன்று மாதங்களுக்கு ஐசோலேட்டுக்கும் கிளியர் வேக்கும் நான் தரும் உயர்ந்த மதிப்பெண்ணை அதற்குப் பிறகு தர மாட்டேன். வழக்கமான உணவிலேயே 60 கிராமை எட்டுபவர்களுக்கு, உணவு இறங்காத நாளிலும் வெளியூர்ப் பயணத்திலும் கைகொடுக்கும் பொருளாகப் புரோட்டீன் பானம் பின்வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லும் லேபிளை நான் இதுவரை பார்க்கவில்லை. மாதாமாதம் தானாகவே வீட்டுக்கு வந்து சேரும் சந்தா முறையில் விற்பவர்கள் அதைச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

உடற்பயிற்சி முடித்த அரை மணி நேரத்துக்குள் புரதம் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்ற நம்பிக்கையையும் இங்கே தள்ளிவைக்கலாம். ஒரு நாளில் சேரும் மொத்தப் புரதமும் அது வேளைகளுக்கிடையே ஓரளவு சீராகப் பங்கிடப்படுவதும்தான் தசைக்கு முக்கியம். உடற்பயிற்சியைச் சுற்றிய நேரத்தில் சில மணி நேரம் முன்பின் ஆவதால் பெரிய இழப்பில்லை. எடைப்பயிற்சி செய்துவிட்டு வரும்போது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டால், ஷேக்கை விட்டுவிட்டுச் சாப்பிடுவதே மேல்.

மாத்திரைகளோடு பானம் மோதும் இடத்தை விற்பவர்களும் மதிப்புரை எழுதுபவர்களும் கண்டுகொள்வதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் கால்சியம் நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை, வேளைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேற்படாமல் பிரித்துத் தரப்படுகிறது. கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுப்பதால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பால் புரதத்தாலான தயார் பானம் ஒன்றில் கால்சியம் கணிசமாக இருக்கும். இரும்பு மாத்திரையை அதோடு விழுங்கினால் அந்த மாத்திரையில் ஒரு பகுதி வீணாகிறது. தைராய்டுக்காக லெவோதைராக்சின் எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டுமே எடுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளோ நான்கு மணி நேரம் தள்ளியே இருக்க வேண்டும். அவர்கள் எழுந்ததும் முதல் வேலையாக ஷேக் குடிப்பது சரிப்படாது. இந்தக் காரணத்துக்காகவும் இரும்பு மாத்திரை எடுக்கும் வேளைக்குப் பால் பானத்தைவிடக் கிளியர் வேயைத் தேர்ந்தெடுப்பது எளிது. கால்சியம் சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

நேரத்தை நினைவூட்டுவதற்கென்றே வந்திருக்கும் கைப்பேசிச் செயலிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். கால் மணிக்கொருமுறை 'ஒரு மடக்கு' என்று மணியடிப்பது முதல் வாரத்தில் உதவியது. அதன் பின் எரிச்சலூட்டியது. சாப்பாடு முடிந்ததை அழுத்தினால் அரை மணி நேரம் கழித்து ஒலிக்கும் வசதி மட்டும் தொடர்ந்து பயன்படுகிறது. அதற்குக் கைப்பேசியிலேயே இருக்கும் டைமரே போதும், சந்தா கட்ட வேண்டியதில்லை.

எந்தப் பானத்தையும் கைவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு. எதைக் குடித்தாலும் தொடர்ந்து வாந்தியாகிறது என்றால் அதைப் பவுடரின் குற்றமாக எண்ணி வேறு பிராண்டை வாங்கிக் காலம் கடத்தக் கூடாது. உணவு இறங்கும் பாதை குறுகியிருக்கலாம், அதோடு சில வாரங்கள் தொடர்ந்து வாந்தியெடுத்தாலே தயமின் எனும் வைட்டமின் பி1 வற்றி, நரம்புகளையும் மூளையையும் பாதிக்கும் அபாயம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் புரத அளவை மருத்துவரிடம்தான் கேட்டுப் பெற வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் உணவின் நேரம் மாறும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு நடைமுறையில் ஒன்று: அறுவை சிகிச்சைக்கு முன்பே பிடித்த சுவையில் இரண்டு கிலோ டப்பாவை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் நாக்கின் விருப்பம் பலருக்கு மாறிவிடுகிறது. முன்பு விரும்பிக் குடித்த சாக்லேட் ஷேக்கின் வாடையே குமட்டும் நிலை வரலாம், சில மாதங்களில் அது மறுபடியும் மாறலாம். ஒருவேளைக்கான சிறு பொட்டலங்களை விற்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. ஐசோலேட்டில் இரண்டு சுவை, கிளியர் வேயில் இரண்டு சுவை, சுவையூட்டாத பவுடரில் ஒரு சிறு பை, அவசரத்துக்கு இரண்டு தயார் பாட்டில் என்று வாங்கி வைத்துக்கொண்டு, வீடு திரும்பிய பிறகு எது இறங்குகிறதோ அதில் மட்டும் பெரிய டப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள்.